ஆள் நல்லவர்தான், ஆனால் எந்தக் கதிரைக்கு?

2022 மே மாதம். வெக்ஸ்போர்டில் லோரன்ஸ் அவெனியூ நெடுகப் புல்தரைகளில் நீலம், சிவப்பு, செம்மஞ்சள் எனத் தேர்தல் பலகைகள் முளைத்திருந்தன. எங்கள் கட்டிடத்து லிஃப்டில் மேல்மாடி ஐயா ஒருவர் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தோடு நின்றார். அதில் நீதன் சாணின் படம்.

"தம்பி, ஆள் நல்லவர்தான். எங்கட சனத்துக்கு நிறையச் செய்திருக்கிறார். ஆனா இப்ப எந்தக் கதிரைக்கு நிக்கிறார்?"

"மாகாண சட்டமன்றத்துக்கு ஐயா."

"அது மேயருக்கு மேலயா, கீழயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், முப்பது வருடமாகக் கனடாவில் இருக்கிற பலரிடம் இதே கேள்வியைக் கேட்டாலும் தெளிவான பதில் வராது என்று பட்டது. எனக்கே அப்போது முழுசாகத் தெரியாது. நான் வந்து மூன்றாவது வருடம். கையில் நிரந்தர வதிவிட அட்டைதான், வாக்கு இல்லை. வாக்கு இருந்த ஐயா கேட்ட அந்தக் கேள்வி மட்டும் மனதில் தங்கிவிட்டது. இந்தக் கட்டுரை அதற்கான பதில்.

அந்தத் தேர்தலை ஒருதரம் திரும்பிப் பார்ப்போம். வெக்ஸ்போர்ட் அடங்கும் ஸ்காபரோ மத்தி தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சிக்காக நின்றவர் நீதன் சாண். முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக நின்றவர் டேவிட் ஸ்மித். லிபரல் வேட்பாளரும் இருந்தார். கவனிக்க வேண்டியது இதுதான்: சாண், ஸ்மித் இருவருமே கல்விச் சபை வழியாக வந்தவர்கள். ஸ்மித் அப்போதும் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் உறுப்பினர். சாண் முன்னாள் உறுப்பினர். பள்ளிக்கூட வாசலில் பெற்றோரோடு கதைத்துப் பழகிய இரண்டு பேர் ஒரே சட்டமன்றக் கதிரைக்குப் போட்டியிட்டார்கள். ஜூன் 2ஆம் திகதி ஸ்மித் வென்றார்.

நீதன் சாணின் பாதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். 2006இல் யோர்க் பிராந்தியக் கல்விச் சபைக்குத் தெரிவானார். லோகன் கணபதி மார்க்கம் நகரசபைக்குத் தெரிவானதும் அதே ஆண்டில்தான். 2016இல் ரொறன்ரோ கல்விச் சபைக்கு இடைத்தேர்தலில் வந்தார். 2017 பெப்ரவரியில் இன்னொரு இடைத்தேர்தல்; ரொறன்ரோ மாநகர சபைக்குப் போனார். ஆனால் மாகாணக் கதவு மட்டும் திறக்கவில்லை. ஸ்காபரோ–ரூஜ் றிவரில் 2011, 2014, பிறகு 2016 இடைத்தேர்தல், அதன்பின் ஸ்காபரோ மத்தியில் 2022. ஒவ்வொரு முறையும் தோல்வி.

உள்ளூரில் வெல்கிற ஒருவர் மாகாணத்தில் ஏன் தோற்கிறார்? நகரசபை, கல்விச் சபைத் தேர்தல்களில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இல்லை. அங்கே ஆளைப் பார்த்து வாக்குப் போடுகிறோம். கோயிலில் கண்டோமா, பிள்ளையின் பிரச்சினைக்கு ஃபோன் எடுத்தாரா என்பதெல்லாம் அங்கே எடுபடும். மாகாணத் தேர்தலில் பெரும்பாலானோர் வாக்குப் போடுவது நிறத்துக்கு. இன்னும் சொன்னால் கட்சித் தலைவரின் முகத்துக்கு. உள்ளூர் வேட்பாளரின் இருபது வருடச் சேவை அந்த அலைக்கு முன்னால் நிற்பது கஷ்டம். அதோடு வெக்ஸ்போர்ட் தமிழர் மட்டும் வாழும் இடமும் இல்லை. லோரன்ஸில் பத்து நிமிடம் நடந்தாலே தெரியும்: அரபு பேக்கரி, பிலிப்பினோ கடை, ஆப்கான் உணவகம், பழைய கிரேக்கக் குடும்பங்கள். "எங்கட ஆள்" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து இந்தத் தொகுதியில் ஒருவரும் வெல்ல ஏலாது. அது நல்லதும்கூட.

இனி ஐயாவின் கேள்விக்கு வருவோம். மேலயா, கீழயா?

மேலேதான். அதுவும் நாம் நினைப்பதைவிட நிறைய மேலே. 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டப்படி நகரசபைகளும் கல்வியும் மாகாணத்தின் கையில். நகரசபைக்கென்று அரசியலமைப்பில் தனி உரிமை கிடையாது. எங்கள் வேலையில் சொல்வதென்றால், நகரசபையும் கல்விச் சபையும் பாவனையாளர் கணக்குகள்; அட்மின் கடவுச்சொல் குயின்ஸ் பார்க்கில் இருக்கிறது.

இதை நீதன் சாண் தன் வாழ்க்கையிலேயே இரண்டு தடவை பார்த்துவிட்டார்.

முதலாவது 2018. மாநகரத் தேர்தலுக்கு வேட்புமனுக்கள் முடிந்து, பிரசாரம் நடந்துகொண்டிருந்த நேரம். டக் ஃபோர்ட் அரசு ஓகஸ்டில் ஒரு சட்டம் கொண்டுவந்து 47 வட்டாரங்களை 25 ஆக்கியது. வட்டாரங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. பதவியில் இருந்தவர்களே புது எல்லைகளுக்குள் புதிதாக நிற்க வேண்டி வந்தது. ஒக்டோபரில் ஸ்காபரோ–ரூஜ் பார்க்கில் சாண் இருநூறுக்கும் குறைவான வாக்குகளால் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 ஒக்டோபரில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மாகாணம் செய்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

இரண்டாவது 2025. ஸ்மித்திடம் தோற்ற அதே 2022இன் ஒக்டோபரில் சாண் மீண்டும் ரொறன்ரோ கல்விச் சபைக்குத் தெரிவாகி, பின்னர் அதன் தலைவராகவும் ஆனார். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும், கனடாவின் மிகப் பெரிய கல்விச் சபை அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் அதன் தலைவர் என்பதில் எமக்கெல்லாம் ஒரு பெருமை இருந்தது. 2025 ஜூன் கடைசியில் கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா அந்தச் சபையை மாகாண மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தார். மக்கள் தெரிவுசெய்த 22 பேரின் முடிவெடுக்கும் அதிகாரம், அரசு நியமித்த ஒரே ஒரு மேற்பார்வையாளரிடம் போனது. நவம்பரில் நிறைவேறிய 33ஆம் இலக்கச் சட்டமூலம் அமைச்சருக்கு இந்த வழியை இன்னும் இலகுவாக்கியது.

அரசின் பக்கத்தையும் கேட்க வேண்டும். சபைகள் தொடர்ந்து பற்றாக்குறையில் ஓடுகின்றன, பணம் வகுப்பறைக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். சபைகளில் வீண்செலவு இல்லையென்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1990களின் கடைசி வரை கல்விச் சபைகள் தமக்கான சொத்து வரியைத் தாமே தீர்மானித்தன. மைக் ஹரிஸ் அரசு அந்த உரிமையை எடுத்து, மாணவர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட மாகாணச் சூத்திரத்தைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து வருமானத்தைத் தீர்மானிப்பது குயின்ஸ் பார்க். திட்டு வாங்குவது கல்விச் சபை. 2002இலும் இதே ரொறன்ரோ சபைக்கு மேற்பார்வையாளர் ஒருவர் அனுப்பப்பட்டார். அப்போதும் பிரச்சினை வரவு செலவுதான்.

ஆகவே 2022இல் வெக்ஸ்போர்டில் நடந்தது சின்ன விசயம் இல்லை. கல்விச் சபையிலிருந்து வந்த இரண்டு பேரில் ஒருவர் ஆளும் கட்சிப் பக்கம் அமர்ந்தார். மற்றவர் பிறகு கல்விச் சபைக்குத் தலைவரானார். அந்தக் கதிரையின் பலத்தை ஒரே நாளில் ஆளும் கட்சி எடுத்துக்கொண்டது. இதில் ஸ்மித்தைத் தனியாகக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் நாடாளுமன்ற முறையில் ஆளும் கட்சியின் பின்வரிசை உறுப்பினர் கட்சிக்கு எதிராக வாக்களிப்பது மிக அரிது. சாண் வென்றிருந்தாலும் எதிர்க்கட்சியில் இருந்து கேள்விதான் கேட்டிருப்பார். அந்தத் தேர்தலில் 124 ஆசனங்களில் 83 ஒரே கட்சிக்குப் போனது. அதுவும் சுமார் 41 வீத வாக்கோடு.

அப்படியானால் மாகாண உறுப்பினரால் என்னதான் பிரயோசனம்?

இருக்கிறது. ஸ்காபரோ–ரூஜ் பார்க் உறுப்பினர் விஜய் தணிகாசலம் பின்வரிசையில் இருந்தபோது கொண்டுவந்த 104ஆம் இலக்கத் தனிநபர் சட்டமூலம் 2021 மே மாதம் நிறைவேறியது. மே மாதத்தில் ஒரு வாரத்தைத் தமிழின அழிப்புக் கல்வி வாரமாக அது அறிவிக்கிறது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கு இரண்டு நீதிமன்றங்களில் தோற்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டை விசாரிக்க மறுத்தது. ஒரு தனி உறுப்பினர், சரியான விசயம், பின்னால் ஒரு சமூகம். மூன்றும் சேர்ந்தால் சட்டம் வருகிறது. அவருடைய கட்சியோடு உடன்படாதவர்களும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நினைவுச் சட்டத்தோடு எங்கள் கேள்வி நின்றுவிடக் கூடாது. வெக்ஸ்போர்டில் இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாதச் செலவை எடுத்துப் பாருங்கள். வாடகை: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு வருடாந்த வாடகை உயர்வு வரம்பு கிடையாது. என் நண்பர் ஒருவர் புதுக் கொண்டோ ஒன்றில் இருந்தார். ஒரே தடவையில் மாதம் நானூறு டொலர் கூட்டிவிட்டார்கள். அவர் நகரசபைக்கு ஃபோன் எடுத்தார்! அது மாகாணச் சட்டம். கார் காப்புறுதி: ஸ்காபரோ என்றாலே ஏறும் அந்தத் தொகையின் விதிகள் மாகாணத்தின் கையில். போக்குவரத்து: 2023 ஜூலை 24 ஸ்காபரோ ஆர்.டி. தடம் புரண்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள். 1985 முதல் ஓடிய ரயில் அதோடு நின்றது. லோரன்ஸ் ஈஸ்ட் நிலையத்தில் ஏறிய சனம் இப்போது பஸ்ஸில். அதற்குப் பதிலாகக் கட்டப்படும் மூன்று நிலையச் சுரங்கப் பாதையைத் தீர்மானித்ததும், கட்டுவதும் மாகாணமே. அதற்கு முன் நகரசபை வருடக்கணக்காக விவாதித்த ஒற்றை நிலையத் திட்டம் 2019இல் ஒரே அறிவிப்போடு போனது.

தமிழ் வகுப்பும்கூட. எங்கள் பிள்ளைகள் போகிற சர்வதேச மொழிகள் வகுப்பை நடத்துவது கல்விச் சபை, காசு மாகாணத்தினது. ஆரம்பப் பள்ளி மட்டத்தில் 25 மாணவர்களின் பெற்றோர் எழுத்தில் கேட்டால் சபை வகுப்பு வைக்க வேண்டும் என்பது மாகாண விதி. அந்த விதியை மாற்ற நினைத்தால் மாற்றக்கூடிய இடமும் குயின்ஸ் பார்க்தான். இரண்டாம் தலைமுறைத் தம்பி தங்கைகள் "தமிழ் அரசியல் அப்பா அம்மாவின்ர விசயம்" என்று ஒதுங்குவதைப் பார்க்கிறேன். உங்கள் வாடகையும், நாளைக்கு உங்கள் பிள்ளையின் தமிழ் வகுப்பும் இதில்தான் இருக்கிறது.

இனி ஒரு வேட்பாளர் கதவைத் தட்டினால் "நீங்கள் எந்த ஊர்?" என்று தொடங்குவோம், பரவாயில்லை. ஆனால் அதோடு விடாமல் மூன்று கேள்வி கேட்போம். நீங்கள் கேட்கும் கதிரைக்கு எந்த அதிகாரம் உண்டு? உங்கள் கட்சி எங்கள் தொகுதிக்கு எதிராகப் போனால் உள்ளே என்ன சொல்வீர்கள்? தெரிவான கல்விச் சபையின் அதிகாரம் திரும்பி வர வேண்டுமா, இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று பதில் வரட்டும். நடுவில் "சமூகத்துக்கு நான் செய்த சேவை" என்று கதை போனால், நன்றி சொல்லி, கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டியதுதான்.

வாக்கு இல்லாதவர்களுக்கும் வேலை உண்டு. கட்சி வேட்பாளரைத் தெரிவது கட்சி உறுப்பினர்கள். அதற்குக் குடியுரிமை தேவையில்லை. பதின்ம வயதிலேயே சேரலாம். பாதுகாப்பான தொகுதிகளில் உண்மையான தேர்தல் அந்தக் கூட்டத்தில்தான் நடக்கிறது.

2022இல் ஒன்ராறியோவில் வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 44 பேர். மாகாண வரலாற்றிலேயே மிகக் குறைவு. வாக்கில்லாத நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்; வாக்கிருந்த பாதிக்கு மேற்பட்டோரும் வீட்டில் இருந்தார்கள். 2025 பெப்ரவரி 27, என் முதல் வாக்கு. குளிருக்குள் வாக்குச்சாவடிக்குப் போகும்போது அந்த ஐயாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இறங்கும்போது சொன்னார்:

"தம்பி, இது மேயருக்கு மேல. இப்ப விளங்குது."

யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.