விதை ஆராய்ச்சியும் கூலிக்காரர் பிள்ளைகளும்

டாக்டர் என்றால் நம்மில் பலருக்கு ஊசி போடுகிற டாக்டர்தான் ஞாபகத்துக்கு வருவார். இன்னொரு டாக்டர் பட்டமும் உண்டு. ஒரு துறையில் அதுவரை யாரும் கண்டறியாத ஒன்றை ஆராய்ந்து நிலைநாட்டுகிறவருக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கிற பட்டம் அது. பயிர்களின் பரம்பரைக் குணங்களை ஆராய்ந்து புது ரகங்களை உண்டாக்கும் படிப்பிலும், காய்கறிப் பயிர்களை மேம்படுத்தும் படிப்பிலும் அந்தப் பட்டத்தைப் பெறலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இவற்றுக்கு இடம் இருக்கிறது.

"இது படித்தவர்கள் பாடு. ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கிறவனுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் களை எடுக்கிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று தோழர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது என்பதே நமது கருத்து.

கை யாருடையது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருப்பது நமக்கெல்லாம் தெரியும். எஸ்.வி.பி.ஆர். என்று பெயர் சூட்டிய ரகங்கள் அங்கே பிறந்தவை. எஸ்.வி.பி.ஆர். 2 ரகம் 1996-ல் வெளிவந்தது.

ஒரு புது ரகம் எப்படிப் பிறக்கிறது? பருத்திப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருக்கின்றன. நாளைக் காலை மலரப் போகும் மொக்கை இன்று பிற்பகலே தேடிப் பிடிக்க வேண்டும். நடுவில் நிற்கும் சூலகத் தண்டில் கீறல் படாமல், மகரந்தப் பைகளை மட்டும் நகத்தால் உரித்து எடுக்க வேண்டும். மொக்கை மூடி வைத்து, மறுநாள் காலை வேறொரு செடியின் மகரந்தத் தூளைக் கொண்டுவந்து தடவ வேண்டும். அதற்கு அடையாளச் சீட்டும் கட்ட வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான பூக்கள். அந்த விதையை விதைத்து, பொறுக்கி, மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்கி, பல வருஷம் போன பிறகே ரகம் வெளியே வருகிறது. கத்தரிக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஏறக்குறைய இதே பாடுதான்.

ஆராய்ச்சிப் பண்ணைகளிலும் விதை வயல்களிலும் இந்த நுணுக்கமான வேலையில் பெரும் பங்கு யாருடையது? கூலிக்கு வரும் ஆண், பெண்களின் விரல்களுடையது. தனியார் விதைப் பருத்தி வயல்களில், பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுமிகளை இந்த வேலைக்கு வளைத்த கொடுமை ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் அம்பலமானதை உழைப்பாளி மக்கள் மறக்கவில்லை. பூவைத் தொடும் கை நம்முடையது. அந்தப் பூவைப் பற்றிப் புத்தகம் எழுதும் கை மட்டும் ஏன் நம்முடையதாக இருக்கக் கூடாது?

கேள்வி கேட்பவர் யார்?

விஞ்ஞானம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் ஒரு கேள்வியை எழுப்புகிறார். அந்தக் கேள்விக்குத்தான் விடை கிடைக்கிறது. ஆகவே கேள்வி கேட்பவர் யார் என்பது பெரிய விஷயம்.

மில் முதலாளி நீண்ட இழைப் பருத்தி வேண்டும் என்கிறார். இழை வலுவாக இருந்தால் ஸ்பின்னிங்கில் நூல் குறைவாக அறும். ஓடி ஓடி ஒட்டுகிற தொழிலாளியின் காலுக்கும் அதனால் ஓய்வு. இங்கே இருவருக்கும் வேண்டியது ஒன்றாக அமைந்துவிட்டது. எப்போதும் அப்படி அமைவதில்லை.

கோவையில் 2020-ல் வெளிவந்த கோ 17 பருத்தியைப் பாருங்கள். பக்கக் கிளை விரிக்காத செடி, நெருக்கி நடலாம், காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடிக்கும், இயந்திரத்தால் பஞ்செடுக்க ஏற்றது. நல்ல விஞ்ஞானம்தான். முதுகு ஒடியக் குனிந்து பஞ்செடுக்கும் வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இயந்திரம் வயலில் இறங்கினால் அந்தப் பெண்களின் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வி ஆராய்ச்சியின் எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது? கத்தரியில் குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு வாரா வாரம் மருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்தை மூச்சில் இழுப்பவர் கூலித் தொழிலாளி. புழுவைத் தாங்கும் கத்தரி வேண்டும் என்ற ஆசை அவர் வீட்டுப் பிள்ளைக்கு இருப்பதுபோல் வேறு யாருக்கு இருக்கும்?

இன்னொரு பக்கம் கம்பெனிகள். வீரிய ஒட்டு விதையில் விளைந்ததை எடுத்து விதைத்தால் அடுத்த போகம் அதே குணத்தோடு வராது. வருஷா வருஷம் கடைக்குப் போக வேண்டும். கம்பெனிக்கு அதுவே லாபம். சர்க்கார் நிலையங்கள் வெளியிடும் ரகங்களின் விதையையோ விவசாயி எடுத்து வைத்துக்கொள்ளலாம். 2001-ம் வருஷத்துச் சட்டம் விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அப்படியிருந்தும் 2019-ல் குஜராத்தில் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று பெப்சி கம்பெனி சாதாரண விவசாயிகள் மீது கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. நாடெங்கும் கண்டனம் கிளம்பிய பிறகே வாபஸ் வாங்கியது. சர்க்கார் ஆராய்ச்சி மெலிந்தால் விதை முழுவதும் இப்படிப்பட்டவர்கள் கைக்குப் போய்விடும்.

நம் சீமையின் சொத்தும் இதில் இருக்கிறது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே.2 மிளகாய், ஒரு அஸ்ஸாம் ரகத்தோடு நமது சாத்தூர் சம்பாவை இணைத்து உண்டாக்கியது. தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் காத்து வந்த விதைதான் விஞ்ஞானிக்கு மூலதனம்.

ஒன்பது வருஷப் படிக்கட்டு

பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கு வருஷம், அதன்மேல் இரண்டு வருஷம், டாக்டர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருஷம். ஆக ஒன்பது வருஷம். கூலிக்காரர் வீட்டில் இது ஒன்பது வருஷக் கூலி இழப்பு.

முதல் படியில் ஒரு கைப்பிடி கிடைத்திருக்கிறது. 2021-ம் வருஷச் சட்டப்படி சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண்மைப் பட்டப்படிப்பிலும் 7.5 சதவீத இடம் உண்டு. அவர்கள் கட்டணத்தை மாநில சர்க்கார் ஏற்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அதற்கு மேலே? மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000. ஆனால் அது போட்டித் தேர்வில் தேறிய ஒரு சிலருக்கே. வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் அகில இந்தியத் தேர்வில் வினாத்தாள் ஆங்கிலத்தில். தமிழில் படித்து வந்த பிள்ளை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-ல் மத்திய சர்க்கார் நிறுத்தியே விட்டது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி ஆராய்ச்சி மாணவருக்கு மாநில சர்க்கார் கொடுக்கும் தொகை வருஷத்துக்கு ரூ.1 லட்சம். மாதக் கணக்கில் பார்த்தால் ஒன்பதாயிரத்துக்கும் கீழே!

உதவி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. தலைச்சேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள், ஜாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட சமூகத்தில் வந்தவர், அதிலும் பெண். உதவித்தொகை ஒன்று கிடைத்து அமெரிக்கா போய், 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் பரம்பரையை ஆராய்ந்தார். அவர் உண்டாக்கிய கத்தரிக்கு அவர் பெயரே வழங்கியது. புத்தி அவரிடம் இருந்தது. கதவைத் திறந்தது உதவித்தொகை. நம் காலனிகளிலும் லயன் வீடுகளிலும் எத்தனை ஜானகிகள் கதவு திறக்காமல் களை எடுக்கப் போகிறார்கள்!

நாம் கேட்பது என்ன?

ஒன்று: பட்டப்படிப்புக்குக் கொடுக்கும் 7.5 சதவீத இடத்தையும் கட்டணச் சலுகையையும் மேல்படிப்புக்கும் டாக்டர் பட்டத்துக்கும் நீட்டிக்க வேண்டும்.

இரண்டு: நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுத வழி செய்ய வேண்டும்.

மூன்று: ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை, மில் சம்பளம்போல் மாதம் தவறாமல் குறித்த தேதியில் வர வேண்டும். மாநிலத் தொகையை உயர்த்த வேண்டும்.

நான்கு: புது ரகம் வெளியிடும்போது மகசூல் கணக்கோடு, அது எத்தனை ஆள் வேலையைக் கூட்டும் அல்லது குறைக்கும், எத்தனை தடவை மருந்து அடிக்க வேண்டும் என்ற கணக்கும் வெளியிட வேண்டும்.

ஐந்து: ஆராய்ச்சிப் பண்ணையில் வருஷக் கணக்கில் தினக்கூலியாக உழைப்பவர்களை நிரந்தரமாக்க வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் செய்ய வேண்டிய வேலை இன்றே இருக்கிறது. வேளாண்மைப் பட்டப்படிப்புக்கு நீட் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்குதான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சர்க்கார் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போங்கள். விண்ணப்பத் தேதியைச் சொல்லுங்கள். ஜாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீசுக்குக் கூடவே நடங்கள்.

கூலி உயர்வுக்குப் போராடுகிற சங்கம் இதற்கும் போராட வேண்டும். எந்தப் பயிர் விளையும், யார் கைக்கு வேலை இருக்கும் என்பதை நாளைக்குத் தீர்மானிக்கப் போவது இன்றைய விதை ஆராய்ச்சி. அந்த மேஜையில் நம் பிள்ளைகளுக்கு நாற்காலி வேண்டும்.