‘கொன்னுட்டடா’ என்றால் பாராட்டு

அடையாறு காந்தி நகரிலும் இந்திரா நகரிலும் ஏப்ரல், மே மாதங்களில் இரவு வெகுநேரம் விளக்கு எரியும் வீடுகள் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைச் சான்றான ஐ-20 வந்துவிட்டது. பிள்ளை லேப்டாப்பில் டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்ப, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்போர்ட் எண்ணை வாசிக்கிறார். பிறந்த ஊர், படித்த கல்லூரி, போன நாடுகள் எல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கும் பகுதி வந்ததும் கை நிற்கும். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய ஒவ்வொரு கணக்கின் பெயரும் அங்கே வேண்டும். குடும்பப் படம் போடும் இன்ஸ்டாகிராம் மட்டுமல்ல. பிளஸ் டூ படிக்கும்போது அபிமான நடிகரின் பெயரில் திறந்து, எதிர் ரசிகர்களோடு விடிய விடிய மல்லுக்கட்டிய எக்ஸ் கணக்கும்தான். அப்படி ஒன்று இருப்பதே அப்பாவுக்கு அப்போதுதான் தெரியவரும்.

இந்தக் கேள்வி படிவத்தில் ஏறியது 2019 மே 31 அன்று. ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 47 லட்சம் விண்ணப்பதாரர்களை இது தொடும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே கணக்குச் சொல்லியிருந்தது. பாஸ்வேர்டு கேட்பதில்லை, பெயரை மட்டும்தான் கேட்கிறார்கள் என்று அப்போது பலர் ஆறுதல் அடைந்தார்கள். 2025 ஜூனில் அந்த ஆறுதலும் போயிற்று. மே கடைசியில் புதிய மாணவர் நேர்காணல்களை நிறுத்திவைத்த அமெரிக்கா, மூன்று வாரம் கழித்து மீண்டும் தொடங்கியபோது, மாணவர்களுக்கும் பரிமாற்றத் திட்டத்தில் வருவோருக்குமான எஃப், எம், ஜே விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்றது. கணக்கை மறைத்தால் விசா மறுக்கப்படலாம், இனிமேலும் கிடைக்காமல் போகலாம் என்று டெல்லித் தூதரகம் எச்சரித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 15 முதல் வேலைக்கான ஹெச்-1பி, அவர்கள் குடும்பத்துக்கான ஹெச்-4 விண்ணப்பதாரர்களுக்கும் இதே விதி. டிசம்பர் சீசனுக்குச் சென்னை வந்து, கையோடு விசா ஸ்டாம்பிங்கையும் முடித்துக்கொண்டு திரும்பலாம் என்று வந்த பலருடைய நேர்காணல் 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போனது.

தன் நாட்டுக்குள் வருகிறவர் யார் என்று விசாரிக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அதில் சண்டை இல்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் எழுதியதைப் படிப்பவருக்கு அது புரிகிறதா?

2012 ஜனவரியில் இரண்டு பிரிட்டிஷ் இளைஞர்கள் விடுமுறைக்காக லாஸ் ஏஞ்சலஸில் இறங்கினார்கள். ‘அமெரிக்காவை அழிக்கப் போகிறேன்’ என்ற பொருள் தரும் ஒரு ட்வீட்டைக் காட்டி அவர்களைப் பிடித்துவைத்து, திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு, குடித்துக் கும்மாளமிடுவது என்று பொருள். எழுதியவருக்கும் படித்தவருக்கும் ஒரே ஆங்கிலம். அப்படியும் இந்தக் கதி. 2017 அக்டோபரில், பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளி ஒருவர் புல்டோசர் பக்கத்தில் நிற்கும் தன் படத்தைப் போட்டு, அரபியில் காலை வணக்கம் சொன்னார். ஃபேஸ்புக்கின் இயந்திர மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் ‘அவர்களைத் தாக்கு’ என்று ஆக்கியது. இஸ்ரேல் போலீஸ் அவரைக் கைது செய்து, தவறு புரிந்த பிறகு விட்டது.

இனி நம் பிள்ளைகளின் கமெண்ட்டுகளை நினைத்துப் பாருங்கள். நன்றாகப் பாடிய நண்பனுக்கு ‘கொன்னுட்டடா’. சிரிப்பு தாங்காவிட்டால் ‘செத்தேன்’. படம் நன்றாக இருந்தால் ‘வெடி’, ‘தெறி’. பரீட்சையில் முதலிடம் வாங்கினால் ‘சம்பவம் பண்ணிட்டான்’. அடையாறு டிப்போ டீக்கடையில் எவரும் திரும்பிக்கூடப் பார்க்காத சொற்கள். சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றினால் பத்து வரிக்குள் ஒரு கொலை, ஒரு சாவு, ஒரு குண்டுவெடிப்பு.

இன்னும் கனமான விஷயமும் உண்டு. விடுதலைப் புலிகள் அமைப்பை அமெரிக்கா 1997 அக்டோபரில் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. பயங்கரவாதச் செயலை ஆதரித்துப் பேசுவதே விசா மறுப்புக்குப் போதும் என்று அவர்கள் குடிவரவுச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டிலோ மே 18 வந்தால் முள்ளிவாய்க்காலுக்காக மெழுகுவத்திப் படம் பகிராத நண்பர் வட்டம் குறைவு. கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, கல்லூரிப் பெண்களும் பகிர்கிறார்கள். அது 2009இல் இலங்கைப் போரின் முடிவில் அங்கே செத்துப்போன மக்களுக்கான துக்கம். துக்கத்தையும் அமைப்பு விசுவாசத்தையும் பிரித்தறிய இந்த ஊரின் முப்பது ஆண்டு வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

நம் பிள்ளை எதையும் எழுதவில்லை என்று நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. 2019 ஆகஸ்டில், ஹார்வர்டில் சேர வந்த 17 வயதுப் பாலஸ்தீன மாணவர் ஒருவரை பாஸ்டன் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். தன் நண்பர்கள் எழுதிய அரசியல் பதிவுகளைப் பற்றியே விசாரித்தார்கள் என்று அவர் சொன்னார். பல்கலைக்கழகமும் மற்றவர்களும் பாடுபட்டு, வகுப்பு தொடங்கும் முன் அவர் உள்ளே போக முடிந்தது.

அடையாறில் பிரம்மஞான சபையைக் கொண்டுவந்து அமர்த்திய பிளாவாட்ஸ்கி அம்மையாரையும் ஒரு காலத்தில் சந்தேகக் கண் துரத்தியது. 1879இல் அவர் பம்பாய் வந்திறங்கியபோது, ரஷ்ய உளவாளியாக இருப்பாரோ என்று பிரிட்டிஷ் போலீஸ் பின்தொடர்ந்தது. அன்று அதற்கு ஒரு போலீஸ்காரரை அனுப்ப வேண்டியிருந்தது. இன்று வீட்டுக் கதவை நாமே திறந்துவைக்க வேண்டும் என்கிறார்கள். அதில்தான் பெண்களுக்குப் பெரிய அநீதி. படத்தைத் திருடி மார்ஃபிங் செய்கிறார்கள், கணக்கைப் பூட்டி வையுங்கள் என்று பள்ளியும் போலீசும் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்த பெண்கள் இவர்கள். அந்தப் பூட்டை இப்போது உலகத்துக்கே திறக்க வேண்டுமாம். அதில் தங்கையின் படமும் இருக்கும், தோழியின் பிறந்தநாளும் இருக்கும். அவர்கள் யாரும் விசா கேட்கவில்லை.

விசாவுக்குச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பதை அமெரிக்காவுக்குள்ளேயே எதிர்ப்பவர்கள் உண்டு. ஆவணப்பட அமைப்புகள் இரண்டு 2019 டிசம்பரில் வழக்குப் போட்டன. 2023இல் வாஷிங்டன் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இதே போன்ற விவரங்களைத் தன் படிவங்களிலும் கேட்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை விரும்பியபோது, அதனால் நடைமுறைப் பயன் உண்டு என்று சரியாக நிறுவவில்லை எனச் சொல்லி வெள்ளை மாளிகையின் ஒழுங்குமுறை அலுவலகம் 2021 ஏப்ரலில் திருப்பி அனுப்பியது. நான்கே ஆண்டில் காற்று முழுக்க மாறிவிட்டது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பழைய கணக்கைச் சொல்லாமல் விடு என்று பிள்ளைக்கு யோசனை சொல்லாதீர்கள். முக்கியமான விவரத்தை வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் ஆயுள் முழுவதும் நுழைவு மறுக்க அமெரிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சிறுபிள்ளைத்தனமான ரசிகர் சண்டைக்கு அவ்வளவு பெரிய தண்டனை யாரும் தரப்போவதில்லை. உண்மையை எழுதச் சொல்லுங்கள். பழைய பதிவுகளைக் கண்டால் அன்றைக்குத் திட்டவும் வேண்டாம்.

ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்திடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் நேர்காணல் ஜன்னலில் தமிழில் பதில் சொல்ல முடிகிறது. உங்களிடம் தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு தமிழ்ப் பதிவைக் காரணமாக வைத்து ஒரு மாணவரை மறுக்கும் முன், அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொல்லுங்கள்.