டிவி நின்றால் யாரைக் கூப்பிடுவது?

திருச்சி புத்தூர் நால்ரோட்டிலிருந்து வயலூர் சாலைப் பக்கம் நடந்தால், கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு ஃபைபர் ஒயர் தொங்குவதைப் பார்க்கலாம். தில்லைநகரிலும் ஸ்ரீரங்கத்திலும் இதே காட்சிதான். பெல் ஆலையிலும் பொன்மலை ரயில் பணிமனையிலும் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த ஊர் இது. பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். தீபாவளிக்கு வந்தபோது ஸ்மார்ட் டிவியை மாட்டிவிட்டுப் போனார்கள். இணையக் கட்டணத்தையும் ஓடிடி சந்தாவையும் அங்கிருந்தபடியே கட்டிவிடுகிறார்கள். ஆனால் இரவு எட்டு மணிக்குத் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கினால், அதன் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான்.

அந்த நேரத்தில் அவர்கள் செய்வதைத்தான் மோசடிக்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். பெற்றோர் ஓடிடி செயலியின் பெயரையும் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்பதையும் கைபேசியில் தட்டித் தேடுகிறார்கள். மேலே வந்து நிற்கும் எண்ணை அழைக்கிறார்கள். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுக்கிறார்கள். அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். உண்மையான நிறுவனம் எதுவும் முதல் மணியில் எடுத்ததாக நமக்கு நினைவில்லை. “சார், உங்க அக்கவுன்ட்ல சர்வர் பிராப்ளம், அஞ்சே நிமிஷத்துல சரி பண்ணிடலாம்” என்கிறது குரல். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒரு செயலியை இறக்கச் சொல்கிறது. திரையில் தெரியும் எண்ணைக் கேட்டு வாங்குகிறது. அந்தக் கணம் முதல் கைபேசித் திரை இருவருக்கும் பொது. பிறகு, “சரிபார்க்க அஞ்சு ரூபாய் மட்டும் கட்டுங்க, அதுவும் திரும்ப வந்துடும்.” ஐந்து ரூபாயைக் கட்டுவதற்காகத் தட்டிய ரகசிய எண்ணையும் அடுத்து வந்த ஓடிபியையும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவர் குறித்துக்கொள்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பை அனுப்பி நிறுவச் சொல்வது இதன் இன்னொரு உருவம். டிவியில் தோன்றும் நுழைவுக் குறியீட்டை எங்கே பதிவது என்று தேடுபவரிடம், போலி இணையதளம் ஒன்று ‘ஆக்டிவேஷன் கட்டணம்’ கேட்பது மற்றொன்று.

இது புதிய தந்திரமல்ல. எனிடெஸ்க் வழியாக நடக்கும் திருட்டைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. 2022 மார்ச்சில் அது வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில், தேடுபொறியில் கிடைக்கும் போலி எண்களும் திரைப்பகிர்வுச் செயலிகளும் தனித்தனியாக விளக்கப்பட்டிருக்கின்றன. இருந்தும் 2024இல் தமிழ்நாட்டில் எல்லா வகை இணைய மோசடிகளிலும் சேர்த்து மக்கள் இழந்த தொகை ரூ.1,670 கோடிக்கு மேல் என்கிறது மாநில சைபர் குற்றப் பிரிவின் கணக்கு. உரியவர்களுக்குத் திரும்பிச் சேர்ந்தது ஏறக்குறைய ரூ.83 கோடி.

பறிபோன பணத்தை வங்கி தந்துவிடும் என்று நம்பியிருப்பவர்கள், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ குற்றமில்லாமல், வேறெங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போயிருந்தால், மூன்று வேலைநாட்களுக்குள் புகார் செய்தவருக்கு முழுத்தொகையும் கிடைக்கும். ரகசிய எண்ணை வாடிக்கையாளரே கொடுத்திருந்தால், புகார் செய்யும் நிமிடம் வரையிலான இழப்பு முழுவதும் அவர் தலையில்தான். ஏமாற்றப்பட்டுக் கொடுத்ததையும் அலட்சியத்தால் கொடுத்ததையும் ஒரே தட்டில் வைக்கும் இந்த விதி எழுபது வயதுக்காரர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறோம்.

மக்கள் ஏன் இப்படி முகம் தெரியாத எண்ணை நம்புகிறார்கள் என்று கேட்பவர்கள், வேறு எந்த எண் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். கேபிள் காலத்தில் படம் தெரியவில்லை என்றால் கேபிள்காரருக்கு ஒரு போன். திட்டினாலும் வாங்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் வண்டியில் வந்து இறங்குவார். அவருக்கு நம் வீடு தெரியும், நமக்கு அவர் பெயர் தெரியும். 2022 நவம்பரில் மென்பொருள் தந்த தனியார் நிறுவனத்துடன் மூண்ட தகராறில் அரசு கேபிள் டிவியின் செட்டாப் பாக்ஸ்கள் லட்சக்கணக்கில் செயலிழந்தன. சந்தாதாரர்கள் பட்ட அவதி கொஞ்சமல்ல. ஆனாலும் தெருவில் ஆபரேட்டரைப் பிடித்துக் கேட்க முடிந்தது. கோட்டையிலிருந்து பதில் வந்தது. கேபிள், டிடிஎச் சேவைகளுக்காகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் கொண்டுவந்த விதிகள், கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் வட்டார மொழியில் பதில் சொல்லும் வசதியையும் கட்டாயமாக்கின.

ஓடிடிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் குறைதீர்ப்பு அலுவலரை நியமிக்கச் சொல்வது, காட்சியில் ஆட்சேபத்துக்கு உரியது எதுவும் இருந்தால் முறையிடத்தான். படம் ஓடவில்லை என்பது அங்கே குறையே அல்ல. இணைய இணைப்பின் தரத்தை டிராய் பார்க்கிறது. ஓடிடி, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. இணைப்பு கொடுத்தவர் “எங்க லைன்ல கோளாறு இல்லை, ஆப்ல பாருங்க” என்கிறார். ஆப்பில் போனால் ஆங்கிலத்தில் ஓர் இயந்திரம் அரட்டை அடிக்கிறது. இந்த இடைவெளியில்தான் திருடன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், அதுவும் நன்றாகத் தமிழ் பேசிக்கொண்டு.

இத்தனைக்கும் கோளாறு பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். முதலில், அதே வைஃபையில் கைபேசியில் படம் ஓடுகிறதா என்று பாருங்கள் (மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு). அதிலும் ஓடவில்லை என்றால் மோடத்தைப் பார்க்க வேண்டும். எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ மினுக்கினாலோ ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். சாக்கடைக்குத் தோண்டியவர்கள் அறுத்திருக்கலாம், லாரி உரசியிருக்கலாம். வீட்டுக்குள் எதைத் திருகினாலும் அது சரியாகாது, லைன்மேன்தான் வரவேண்டும். கைபேசியில் ஓடி டிவியில் மட்டும் நின்றால், டிவியின் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் செருகலாம். டிவியில் தேதியும் நேரமும் தவறாக இருந்தால்கூடச் செயலி திறக்க மறுக்கும். ஒரே செயலி மட்டும் முரண்டு பிடித்தால் அதன் தற்காலிகச் சேமிப்பை (கேஷ்) அழித்துப் பார்க்கலாம். அடுக்ககங்களில் பத்து வீட்டு ரவுட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோதிக்கொள்வதால், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே பாதித் தொல்லையைத் தீர்க்கும். சுவர்கள் குறுக்கே இருந்தால் அது எட்டாது, அப்போது லேன் கேபிள்தான் கதி. வேகத்தைக் கூட்டிய பிளான் வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், முழு எச்டி படத்துக்கு நெட்பிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். கோடிக்கணக்கானோர் பார்க்கும் கிரிக்கெட் இறுதிப்போட்டி இரவில் தளமே திணறினால், காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இவற்றில் எதற்கும் ஓடிபி தேவையில்லை, ஐந்து ரூபாயும் தேவையில்லை.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் டிராயும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது ஒன்றுதான். சந்தா வாங்கும் ஒவ்வொரு ஓடிடி நிறுவனமும் தமிழில் பேசும் கட்டணமில்லா எண்ணை வைத்திருக்க வேண்டும். படம் நிற்கும்போது அந்த எண் டிவித் திரையிலேயே தெரிய வேண்டும். தேடிப் போகும் வேலையை ஒழித்தால்தான் போலி எண்ணின் பிழைப்பு ஒழியும். காசு வாங்கிக்கொண்டு போலி எண்ணுக்கு விளம்பர இடம் தரும் தேடுபொறி நிறுவனமும் இழப்பில் பங்கேற்க வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும்.

அதுவரை, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அடுத்த முறை வரும்போது, இணைப்பு கொடுத்த உள்ளூர்க்காரரின் எண்ணையும் 1930ஐயும் ஒரு தாளில் பெரிதாக எழுதி டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். 1930 சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் போனது தெரிந்த அடுத்த நிமிடமே அதை அழைத்தால், தொகை வேறு கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள். மகன் திட்டுவான், மருமகள் சிரிப்பாள் என்று இரண்டு நாள் மூடி மறைப்பவர்களின் பணம்தான் திரும்புவதே இல்லை.