சின்னஞ்சிறு சர்வோவும் பெரிய ராக்கெட்டும்

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளி மாணவர் சிலர், வானொலி அலைகளால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைச் செய்து என்னிடம் கொண்டுவந்தனர். "சார், எந்த சர்வோ விலை குறைவு?" என்பதே அவர்களது முதல் கேள்வி. தொடங்கவேண்டிய இடம் அதுவன்று என்பது என் கருத்து. ஏன் என்று காண்போம்.

தரையில் நாம் கட்டுப்பாட்டுக் குச்சியை அசைத்தால், வானில் சுக்கானையும் இறக்கை மடல்களையும் திருப்புவது சர்வோதான். அதனுள் ஒரு சிறு மோட்டார், பற்சக்கரங்கள், அச்சு எவ்வளவு திரும்பியுள்ளது என்று காட்டும் மாறு மின்தடை, ஒரு மின்சுற்று ஆகியவை உள்ளன. ஏறத்தாழ 20 மில்லி வினாடிக்கு ஒரு மின்துடிப்பு வரும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி வினாடியானால் அச்சு நடுவில் நிற்கும். 1 ஆனால் ஒரு பக்கமும், 2 ஆனால் மறுபக்கமும் திரும்பும். கட்டளையும் அச்சின் நிலையும் ஒத்துப்போகும் வரை மோட்டார் சுழலும்.

9 கிராம் சர்வோ ஒன்றின் திருப்பு விசை 1.8 கிலோகிராம்-சென்டிமீட்டர் என்று விற்பனைப் பட்டியலில் காணலாம். அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் 1.8 கிலோ எடையைத் தாங்கும் என்பது பொருள். கையின் நீளம் 2 செ.மீ. ஆனால் 0.9 கிலோதான். வகுப்பில் படித்த நெம்புகோல் விதியே இது! அதுவும் மோட்டார் திணறி நிற்கும் எல்லையில் கிடைக்கும் அளவு. ஆகவே அதில் பாதியை மட்டும் நம்புங்கள்.

காற்றின் விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. நொடிக்கு 15 மீட்டரில் பறக்கும் விமானம் 30 மீட்டரில் கீழே பாய்ந்தால், மடலின் மீது விசை நான்கு மடங்காகும். அப்போது சர்வோ தோற்றால் விமானத்தை மீட்க முடியாது. 1 கிலோ விமானம் 15 மீட்டர் வேகத்தில் மோதினாலே, மூன்று மாடி உயரத்திலிருந்து 1 கிலோ கல் விழுந்ததற்குச் சமம். கீழே நிற்பவர் உங்கள் தங்கையாகவும் இருக்கலாம்.

அதற்காக மிகப் பெரிய சர்வோவை வாங்குவதும் சரியன்று. வீண் எடையை இறக்கை சுமக்கவேண்டும். நைலான் பற்சக்கரம் இலேசானது, ஆனால் முரட்டுத் தரையிறக்கத்தில் பல் உடையும். உலோகம் உறுதியானது, ஆனால் கனமானது. தேவையைக் கணக்கிட்டபின் விலையைப் பாருங்கள்.

வாங்கியபின் சோதியுங்கள். 1 செ.மீ. கையில் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிட்டுத் தூக்கச் செய்யுங்கள். நடுநிலைக்குச் சரியாகத் திரும்புகிறதா என்று பலமுறை பார்த்துக் குறித்துவையுங்கள்.

உங்கள் ஊருக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முதலாகப் புறப்பட்டது. திட்டத்தின் தலைவர் அப்துல் கலாம். கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்த ஒரு வால்வின் பழுதால், 317 வினாடிகளில் அது வங்கக் கடலில் விழுந்தது. குறையைக் கண்டறிந்து திருத்தியபின், 1980 ஜூலை 18 அன்று ரோகிணி விண்ணை எட்டியது. பெரிய ராக்கெட்டுக்கே சிறிய உறுப்புதான் விதி என்றால், நமது விமானம் எம்மாத்திரம்?

பள்ளிக் கண்காட்சிகளில் பறந்த விமானத்துக்கே பரிசு தருகிறோம். சோதனைக் குறிப்பேட்டுக்கும் பாதி மதிப்பெண் தரவேண்டும் என்பேன். அந்த மாணவர்கள் இப்போது குறிப்பேடு தொடங்கிவிட்டார்கள். நீங்கள்?