வேவுக் கார் ஓட்டும் தம்பிக்கு



இம்முறை நம் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று கணினி விளையாட்டைப் பற்றியது. எழுதியவர் செம்பனைத் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை. ஐந்தாம் படிவம் முடித்திருக்கிறார். 'வேர்ல்ட் ஆப் டாங்க்ஸ்' என்னும் டாங்கிப் போர் விளையாட்டில், பல மாதம் ஆடி ஆடிப் பிரெஞ்சு வேவுக் கார் ஒன்றைப் பெற்றாராம். ஆனால் ஆட்டம் தொடங்கிய ஒரு நிமிடத்திற்குள் கார் எரிந்து போகிறது. கூட ஆடுகிறவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். "கனமான டாங்கி ஒன்றைக் காசு கொடுத்தே வாங்கிவிடலாமா? அக்காவிடம் 80 வெள்ளி கேட்டிருக்கிறேன்" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

அக்காவின் 80 வெள்ளி அக்காவிடமே இருக்கட்டும், தம்பி. அந்தக் கார் நல்ல கார்தான். அதை டாங்கி என்று நினைத்து ஓட்டுவதால் வந்த வினை இது.

விளையாட்டு தெரியாத பெற்றோருக்காக இரண்டு வார்த்தை. இது 2010-இல் ரஷ்யாவில் வெளிவந்து, 2011-இல் மற்ற நாடுகளுக்கும் பரவியது. இணையத்தின் வழி ஒரு பக்கம் 15 பேர், எதிர்ப்பக்கம் 15 பேர்; ஆளுக்கு ஒரு வண்டி. எதிரிகளை எல்லாம் அழித்தாலும் வெற்றி, அவர்களுடைய தளத்தைப் பிடித்தாலும் வெற்றி. ஓர் ஆட்டம் 15 நிமிடத்திற்கு மேல் போகாது. அழிந்த வண்டி அந்த ஆட்டத்திற்குத் திரும்பி வராது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். வேவுக் கார் முதல் நிமிடத்தில் எரிந்தால், மீதி 14 நிமிடமும் அந்த அணி கண்ணைக் கட்டிக்கொண்டு போராட வேண்டும். ஏசுவது நல்ல பழக்கம் அன்று. ஆனாலும் அவர்களுக்கு ஏன் வயிற்றெரிச்சல் என்பது இதிலிருந்து விளங்கும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு என்று சொன்னதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த விளையாட்டில் எதிரி வண்டி திறந்த வெளியில் நின்றாலும், நம் அணியில் யாராவது ஒருவர் அதைக் கண்டுபிடித்தால்தான் திரையில் தோன்றும். கண்டவர் வானொலியில் சொல்ல, மற்றவர்களுக்கும் தெரிகிறது என்பது கணக்கு. எவ்வளவு நல்ல கண் இருந்தாலும் 445 மீட்டருக்கு அப்பால் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. 50 மீட்டருக்குள் வந்துவிட்டாலோ, நடுவில் சுவரே இருந்தாலும் இருவரும் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடுவார்கள். இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் வேவுக்காரனின் பிழைப்பு. பெரிய பீரங்கி வைத்திருப்பவர்கள் பின்னால் நின்றுகொண்டு, நீங்கள் காட்டும் இலக்குக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் அடி கொடுப்பவர்கள். நீங்கள் அவர்களுக்குக் கண்.

விடியற்காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியவர்களுக்கு அடுத்த செய்தி எளிதில் புரியும். விளக்கு வெளிச்சத்தில் நமக்குத் தெரிவது முன்னால் உள்ள மரமும் கோப்பையும்தான். ஆனால் அந்த விளக்கு நான்கு நிரை தள்ளி நிற்பவருக்கும் தெரியும். வேவுக் காரின் பீரங்கியும் அப்படித்தான். நீங்கள் ஒரு முறை சுட்டால் எதிரிக்குப் படும் சேதம் கொஞ்சம். ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அத்தனை பேருக்கும் விளக்குப் போட்டுக் காட்டியதாகிவிடும். ஆகவே ஆட்டத்தின் முதல் பாதியில், சுடும் விசைமேல் இருக்கும் விரலை எடுத்துவிடுங்கள். இது மனத்திற்குச் சிரமமாக இருக்கும். எதிரி முன்னால் போகிறான், கையில் பீரங்கி இருக்கிறது, சுடாமல் இருப்பதா என்று தோன்றும். நீங்கள் கண்டு, மற்றவர் அடித்த அடிக்கும் உங்கள் கணக்கில் பங்கு சேருகிறது என்பதை ஆட்ட முடிவில் வரும் பட்டியலில் பாருங்கள். ஒரு குண்டும் சுடாமல் அணியில் முதல் வரிசையில் நிற்பவர்கள் உண்டு.

புதரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். லாலாங் புல்லுக்குள் குனிந்தவனை வெளியே நிற்பவன் பார்க்க முடியாது, உள்ளே இருப்பவன் இடுக்கு வழியாக வெளியே பார்க்கலாம். விளையாட்டிலும் புதர் அப்படியே வேலை செய்கிறது. புதரிலிருந்து 15 மீட்டருக்குள் நீங்கள் இருந்தால், உங்கள் திரையில் அந்த இலைகள் கண்ணாடி போல் மங்கித் தெரியும். அப்போது அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வரை புதர் உங்களை மறைக்கும். ஆனால் அங்கிருந்தே சுட்டால், அந்த மறைவு பெரும்பாலும் போய்விடும். சுடத்தான் வேண்டும் என்றால், இலைகள் மீண்டும் அடர்த்தியாகத் தெரியும் வரை, அதாவது 15 மீட்டருக்கு மேல், பின்னால் நகர்ந்து, புதருக்குப் பின்னிருந்து சுட வேண்டும். பின்னால் நகர்ந்ததும் உங்கள் கண் மறைந்துபோகும். அப்போது வேறொரு தோழர் எதிரியைக் கண்டு காட்டினால்தான் உங்களுக்கு இலக்கு கிடைக்கும். காண்பதா, சுடுவதா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

இது சங்கிலித் தடம் பூட்டிய இலகு டாங்கிகளுக்கு நன்றாகப் பொருந்தும். தம்பியின் கார் சக்கர வண்டி. 2019 பிப்ரவரியில்தான் பிரெஞ்சுச் சக்கர வண்டிகள் இந்த விளையாட்டுக்குள் வந்தன. ஆறாம் படியில் பனார் 178பி, ஏழாம் படியில் ஹோட்ச்கிஸ் இ.பி.ஆர்., அடுத்து லிங்ஸ், கடைசி இரண்டு படிகளிலும் பனார் இ.பி.ஆர். வகைகள். இவற்றின் வேகம் மற்ற எல்லா வண்டிகளையும் மிஞ்சும். அதற்கு விலையாக இரண்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்: இவற்றின் பார்வைத் தூரமும் மறைந்திருக்கும் திறனும் இலகு டாங்கிகளைவிடக் குறைவு. எனவே புதருக்குள் பத்து நிமிடம் படுத்துக் கிடப்பது இவற்றுக்கு அவ்வளவாக ஒத்துவராது. ஓடிப் போய், எட்டிப் பார்த்து, திரும்பி ஓடிவர வேண்டிய வண்டி இது.

தம்பி ஓடிப் போகிறார், பார்க்கிறார். திரும்பி வருவதுதான் இல்லை!

உண்மையான வண்டியைச் செய்தவர்கள் அந்தத் திரும்பி வருதலைத்தான் முதலில் யோசித்தார்கள். பனார் இ.பி.ஆர். 1951 முதல் 1960 வரை ஏறத்தாழ 1,200 செய்யப்பட்டது. எட்டுச் சக்கரம், நான்கு பேர். அதில் இரண்டு பேர் ஓட்டுநர்கள்! முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். எதிரியைக் கண்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க நேரமில்லை அல்லவா? பின் ஓட்டுநர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே எதிர்த்திசையில் ஓட்டிவிடுவார். நம் நாட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. அவசரகாலத்தில் (1948–1960) மலாயாச் சாலைகளில் வாகன வரிசைகளுக்குக் காவலாகப் போன சிறிய ஆங்கிலக் கவசக் கார்களில் ஒன்றின் பெயர் 'ஃபெரட்'. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தை நினைத்துவிடாதீர்கள். முயல் வளைக்குள் நுழையும் கீரி போன்ற ஒரு பிராணியின் பெயர் அது. இரண்டே பேர் ஏறும் கார்; அதன் தகடு மிகத் தடித்த இடத்திலும் 16 மில்லிமீட்டர்தான். அதற்கு முன்னோக்கி ஐந்து கியர், பின்னோக்கியும் ஐந்து கியர். நம் லாரிகளுக்குப் பின்னோக்கி ஒரு கியர் இருப்பதை எண்ணிப் பார்த்தால், அதைச் செய்தவர்களின் கவலை என்ன என்பது தெரியும். ஆயினும் அந்த இரண்டு பேருக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

இனி முதல் நிமிடத்தில் என்ன செய்வது என்று பார்ப்போம். சக்கர வண்டிக்கு இரண்டு ஓட்டம் உண்டு. 'எக்ஸ்' விசையை அழுத்தி மாற்றலாம். ஒன்று வேக ஓட்டம். நேராகப் பறக்கும், ஆனால் வளைவில் சரியாகத் திரும்பாது. மற்றது நிதான ஓட்டம். வேகம் குறைவு, நன்றாகத் திரும்பும். வேக ஓட்டத்தை உங்கள் பக்கத்து மேடுகளுக்குப் பின்னால், எதிரி கண்ணுக்கு எட்டாத இடத்தில் பயன்படுத்துங்கள். கடைசி மேட்டுக்குக் கொஞ்சம் முன்பே நிதான ஓட்டத்திற்கு மாறிவிடுங்கள். மேட்டின் உச்சியைத் தாண்டாமல், விளிம்பில் ஏறி, பார்த்து, உடனே இறங்குங்கள். வண்டியின் மூக்கை எதிரிப் பக்கம் வைத்துக்கொண்டு ஏறினால், பின்னோக்கி இறங்கும்போது திருப்ப வேண்டியதில்லை. அடுத்த முறை அதே இடத்தில் ஏறாதீர்கள். எதிரி பீரங்கியை அங்கே குறி வைத்துக்கொண்டு காத்திருப்பான்.

பலர் தலைக்கு மேல் எரியும் அந்தச் சிறு விளக்கை நம்பி உயிரை விடுகிறார்கள். எதிரி உங்களைக் கண்டவுடன் அது எரிவதில்லை. மூன்று நொடி கழித்தே எரிகிறது. மூன்று நொடியில் தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குண்டை அனுப்பிவிடுவார். விளக்கு எரிகிறதே, இன்னும் ஒருவனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். விளக்கு எரியாமலே, பார்த்தது போதும் என்று நகர்ந்துவிடுவது இன்னும் நல்லது. ஓடும்போது நேர்க்கோட்டில் ஓடாமல் வளைந்து வளைந்து ஓடுங்கள். ஒரு சக்கரத்தில் அடிபட்டாலும் இந்தக் கார் நின்றுவிடாது, வேகம்தான் குறையும். சங்கிலி அறுந்தால் டாங்கி அங்கேயே நின்றுவிடும். இந்த விஷயத்தில் காருக்கே யோகம். ஆனால் வெடிக்கும் வகைக் குண்டு இந்த மெல்லிய தகட்டில் பட்டால், பாதி உயிர் போய்விடும்.

எந்த இடத்தில் பழகுவது? 'புரோகோரோவ்கா' என்ற களம் நல்லது. 1943 ஜூலையில் கூர்ஸ்க் போரில் பெரிய டாங்கிச் சண்டை நடந்த ஊரின் பெயர் அது. வெட்டவெளி, புதர்கள், ஒரு பக்கம் ரயில் பாதை, நடுவில் மேடு. தொடக்கத்தில் அந்த நடுமேட்டுப் பக்கம் இரண்டு அணி வேவுக்காரர்களும் பாய்வார்கள். முதலில் பாய்கிறவனுக்குப் புகழ் கிடைக்கும். கொஞ்சம் பொறுத்துப் பக்கவாட்டில் போகிறவனுக்கு ஆயுள் கிடைக்கும். கட்டிடங்கள் நெருங்கிய நகரக் களம் வந்தால், காருக்கு வேலை குறைவுதான். அங்கே பொறுமையாகப் பின்னால் சுற்றிக்கொண்டு, சந்து கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

வண்டியில் பூட்டும் கருவிகளிலும் ஏமாற வேண்டாம். தொலைநோக்கி பார்வைத் தூரத்தைக் கால் பங்கு கூட்டும் என்றதும் வாங்கிவிடுகிறார்கள். வண்டி அசையாமல் மூன்று நொடி நின்ற பிறகுதான் அது வேலை செய்யும். ஓடுகிற காருக்குப் பூச்சிட்ட கண்ணாடியே ஏற்றது. கூட்டுவது குறைவானாலும் ஓட்டத்திலும் வேலை செய்யும். இவற்றை ஆட்டத்தில் சேரும் வெள்ளிக் காசிலேயே வாங்கலாம். வீட்டுக் காசு வேண்டாம். கடையில் காசுக்கு விற்கும் கனமான டாங்கி வேறு வகை வண்டி. அதற்கு வேறு பாடம் படிக்க வேண்டும். அதையும் இந்தக் காரைப் போல ஓட்டினால், நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் தாங்கும், அவ்வளவுதான்.

பத்து நிமிடம் உயிரோடு இருந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது களத்தில் பக்கத்திற்கு நாலைந்து வண்டிதான் மிச்சம். முன்பு உங்களைக் குறி வைத்த கண்களில் பாதி மூடிவிட்டன. இனிமேல் விளக்கைப் போடலாம், அதாவது சுடலாம். தூரத்தில் தனியாக நிற்கும் எதிரிப் பீரங்கி வண்டிகளைத் தேடிப் போங்கள். பக்கத்தில் வந்துவிட்ட காரை அவர்களால் எளிதில் குறி வைக்க முடியாது. அவை இல்லையென்றால் எதிரியின் தளத்திற்குள் நுழையுங்கள். பிடிப்பதற்கு 100 புள்ளி வேண்டும். ஒரு வண்டி மட்டும் நின்றால் நொடிக்கு ஒரு புள்ளி, ஆக 100 நொடி. இடையில் உங்கள் வண்டியில் சேதம் ஏற்பட்டால் நீங்கள் சேர்த்த புள்ளி போய்விடும். ஆகையால் வட்டத்தின் நடுவில் நிற்காதீர்கள். விளிம்பில், எதிரி வரக்கூடிய பக்கத்தை ஏதாவது ஒரு சுவரோ பாறையோ மறைக்கும்படி நிறுத்திக்கொண்டு, மூக்கை வெளியே போகும் வழிப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.