ஆனர்ஸ் டிகிரி: நான்காவது வருஷம் யாருக்கு லாபம்?

திருத்தணியில் பிளஸ் டூ முடித்த ஒருவர், ஊரில் உள்ள அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தால் படிப்பு 3 வருஷம். அதே அரக்கோணம் - ரேணிகுண்டா ரயில் பாதையில் நகரி, புத்தூர் பக்கம் போனால், அங்கே கல்லூரிகளில் 4 வருஷ ஆனர்ஸ் உண்டு. ‘பக்கத்து ஊர்க்காரங்க ஆனர்ஸ் வாங்குறாங்க, நம்ம டிகிரிக்கு மதிப்பு குறைஞ்சிடுமா?’ என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. பதில் பார்ப்போம்.

என்ன வித்தியாசம்?

யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட விதிமுறைப்படி, 3 ஆண்டில் 120 கிரெடிட் முடித்தால் சாதாரண பட்டம். 4 ஆண்டில் 160 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ். இதில் இன்னொரு வகை, ‘ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்’. அதற்கு முதல் 6 செமஸ்டரில் 75% மதிப்பெண் வேண்டும். நான்காம் ஆண்டில் 12 கிரெடிட்டுக்கு ஆய்வுத் திட்டம் செய்ய வேண்டும். ஆக, இந்த வகைக்கான கதவு பிளஸ் டூ மார்க்கில் திறப்பதில்லை; முதல் மூன்று வருஷப் படிப்பில்தான் திறக்கிறது.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஏன் இல்லை?

தேசிய கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் 3 ஆண்டுப் படிப்பே தொடர்கிறது. ஆந்திரா 2023-24 கல்வியாண்டில் ஒரே முதன்மைப் பாடத்துடன் ஆனர்ஸ் படிப்பைக் கொண்டுவந்தது. அங்கேயும் மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம்.

சரி, அப்போ நகரியிலேயே சேர்ந்துடலாமா? தூரம் குறைவுதான், ஆனால் ஆந்திராவில் 85% இடங்கள் உள்ளூர் மாணவர்களுக்கானவை. மீதி 15%க்கும் தகுதி விதிகள் இருக்கின்றன. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது என்பது வரலாறு. அட்மிஷன் கவுன்ட்டரில் அது செல்லாது.

3 வருஷ டிகிரிக்கு மதிப்பு குறையுமா?

இல்லை. கணக்கைப் பாருங்கள். 3 வருஷ டிகிரி + 2 வருஷ பிஜி = 5. 4 வருஷ ஆனர்ஸ் + 1 வருஷ பிஜி = 5. இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன.

இது புதுக் கணக்கும் அல்ல. திருத்தணி மண்ணின் மைந்தர் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49), ஆனர்ஸ் முடித்தவருக்கு ஓராண்டிலும், சாதாரண பட்டம் பெற்றவருக்கு இரண்டாண்டிலும் முதுகலைப் பட்டம் தரலாம் என்று அன்றே பரிந்துரைத்தது.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. ஒரு வருஷ பிஜி எல்லாப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. ஆனர்ஸ் முடித்துவிட்டு 2 வருஷ பிஜி மட்டும் நடத்தும் இடத்தில் சேர்ந்தால் 4 + 2 = 6. ஒரு வருஷம் கூடுதல் ஃபீஸ், ஒரு வருஷம் சம்பளம் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

அப்போ யாருக்கு லாபம்?

நேரடியாக ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு. 4 ஆண்டு பட்டத்தில் 75% எடுத்தால், பிஜி இல்லாமலே பிஎச்.டி. அட்மிஷனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று யுஜிசி 2022இல் விதி கொண்டுவந்தது. வெளிநாட்டில் 4 வருஷ டிகிரி கேட்கும் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களுக்கும் உதவும். டிகிரி முடித்ததும் வேலை, அல்லது டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்றால் 3 வருஷமே போதும்.

இன்ஜினீயரிங்கில்?

அங்கே கூடுதல் வருஷம் இல்லை, கூடுதல் பாடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, அதே 4 வருஷத்துக்குள் 18 கிரெடிட் கூடுதலாக எடுத்து, அரியர் இல்லாமல் 7.5 சிஜிபிஏ வைத்திருந்தால் பி.இ. (ஆனர்ஸ்). இரண்டாம் வருஷத்தில் விழும் ஒரு அரியர்கூட இந்த வாய்ப்பை மூடிவிடும். தன்னாட்சிக் கல்லூரிகளில் விதிகள் மாறலாம். முதல் வருஷத்திலேயே கேட்டுவிடுங்கள்.

சேரும் முன் 4 கேள்விகள்

1. ‘ஆனர்ஸ்’ என்பது எத்தனை வருஷம்? டெல்லி பல்கலைக்கழகத்தில் 3 வருஷத்தில் வெளியேறினாலும் ஆனர்ஸ் பட்டம்தான். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

2. நான்காம் ஆண்டு அதே கல்லூரியில் நடக்குமா? ஆய்வுக்கு வழிகாட்டத் தகுதியான பேராசிரியர்கள் அந்தத் துறையில் இருக்கிறார்களா?

3. நீங்கள் போக நினைக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷ பிஜி உண்டா?

4. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் போன்ற உதவித்தொகை, மாநிலம் மாறினால் கிடைக்குமா?

நாலுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தைரியமாகச் சேருங்கள். கிடைக்கவில்லை என்றால், ஊரிலேயே 3 வருஷம் நன்றாகப் படித்து, நல்ல இடத்தில் பிஜி சேருங்கள். அதில் நீங்கள் யாருக்கும் பின்னால் நிற்கப் போவதில்லை.