செவ்வாயை நேரில் பார்த்தேன்

எனக்கு வந்த வரன்களில் பாதியை விரட்டியது செவ்வாய்தான். ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதாம். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "பொண்ணு தங்கமான பொண்ணுதான், ஆனா..." அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் நவக்கிரகத்தைச் சுற்றிவிட்டு வருவாள். கடைசியில் அதே தோஷம் உள்ள ஒருவரே கணவராக வாய்த்தார். அது தனிக் கதை.

இத்தனை வருஷம் என் வாழ்க்கையில் குறுக்கே நின்ற ஆளை நான் கண்ணால் பார்த்தது 2020 அக்டோபரில். அப்போது எனக்கு ஐம்பது வயசு.

கொரோனா காலம். போக்கிடம் என்றால் மொட்டை மாடி மட்டும்தான். ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்குத் துணி எடுக்கப் போனேன். கிழக்கே, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, சுட்ட செங்கல் நிறத்தில் ஒன்று பளிச்சென்று நின்றது. செல்போன் டவர் விளக்கு என்று நினைத்துக்கொண்டேன். அங்கே நடந்துகொண்டிருந்த கீழ் வீட்டு ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்தான், "அது டவர் இல்லம்மா, செவ்வாய்" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று கேட்டேன். பூமி உள்வட்டத்தில் ஓடுகிறது, செவ்வாய் வெளிவட்டத்தில் மெதுவாகப் போகிறது. ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறைதான் நாம் அதை நெருங்கித் தாண்டுகிறோம் என்றார். அந்த மாதம் அது சுமார் 6 கோடியே 20 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு வந்திருந்தது. வியாழனைவிடப் பிரகாசம். எதிர்ப்பக்கம் போய்விட்டால் தூரம் 40 கோடி கிலோமீட்டரைத் தொடும். அப்போது அது நட்சத்திரங்களோடு நட்சத்திரமாய் மங்கிக் கிடக்கும். நாம் எங்கே கவனிக்க!

கிரகம் எது, நட்சத்திரம் எது என்று பிரிக்கும் வழி சின்னக் குழந்தைக்கும் தெரிந்ததுதான். நட்சத்திரம் கண் சிமிட்டும், கிரகம் சிமிட்டாது. அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது மட்டும் இந்த விதி கொஞ்சம் ஏமாற்றும். அடுத்தது, கிரகங்களை வானம் முழுக்கத் தேடி அலைய வேண்டாம். சூரியனும் நிலாவும் போகிற அதே சாலையில்தான் அவையும் போகும். நம் ஊரில் அந்தச் சாலை கிழக்கிலிருந்து மேற்காக, ஏறக்குறைய தலைக்கு மேலே போகிறது. வடக்கே கீழே தெரிவது எதுவானாலும் கிரகம் இல்லை.

அதன் பிறகு அவர் கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வீட்டுல பஞ்சாங்கம் இருக்கா?"

செல்போனில் இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. ஆனால் பஞ்சாங்கத்தில் இருக்கிற கிரக நிலைக் கட்டமே ஒரு வான வரைபடம்தான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தமிழ் மாதம் தெரிந்தால் சூரியன் எந்த ராசியில் என்று தெரிந்துவிடும். சித்திரை என்றால் மேஷம், வைகாசி என்றால் ரிஷபம், இப்படியே. சூரியன் இருக்கும் ராசியை ஒன்று என்று வைத்து எண்ண வேண்டும். கிரகம் ஏழாவது ராசியில் இருந்தால், சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே உதிக்கும். ராத்திரி முழுக்க இருக்கும். நான்காவதில் இருந்தால் பொழுது சாய்கையில் உச்சியை ஒட்டி நிற்கும். இரண்டு, மூன்று என்றால் மாலையில் மேற்கே. பதினொன்று, பன்னிரண்டு என்றால் விடியற்காலையில் கிழக்கே. சூரியன் இருக்கும் ராசியிலேயே இருந்தால் வெளிச்சத்தில் மூழ்கிவிடும், தேடிப் பிரயோஜனமில்லை.

அன்றைக்குப் புரட்டாசி, சூரியன் கன்னியில். செவ்வாய் மீனத்தில். எண்ணிப் பாருங்கள், ஏழு! வியாழன் தனுசில், அதாவது நான்கு. திரும்பிப் பார்த்தால் தெற்கே அது மேற்குப் பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. அதற்கு இடது பக்கத்தில் கொஞ்சம் மங்கலாக, மஞ்சள் பூத்து இன்னொன்று. "அவர் சனீஸ்வரர்" என்றார் சார்.

சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ 29½ வருஷம். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம். மூன்று ராசிக்கு ஏழரை. அந்த ஏழரை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. வியாழனுக்கு ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 12 வருஷம், அதனால்தான் வருஷா வருஷம் குருப்பெயர்ச்சி.

வெள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடிவெள்ளி, மாலை வெள்ளி இரண்டும் ஒன்றேதான்; நடுநிசியில் தேடாதீர்கள், சூரியனை விட்டு ரொம்ப தூரம் போகாது. புதனைப் பிடிப்பது சுற்றிலும் கட்டடம் இருக்கிறவர்களுக்குக் கஷ்டம். ராகு, கேது கண்ணுக்கே தெரியாது. நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற இரண்டு புள்ளிகள் அவை, அவ்வளவுதான்.

செவ்வாயைப் பிரகாசமாகப் பார்க்க அடுத்த வாய்ப்பு 2027 மாசியில். சூரியன் கும்பத்தில், செவ்வாய் ஏழாவதான சிம்மத்தில். 2020 அளவுக்கு வெளிச்சம் இருக்காது. ஆனால் பக்கத்திலேயே வியாழனும் இருக்கும், அடையாளம் சுலபம்.

அன்று ராத்திரி பீரோவிலிருந்து என் ஜாதகத்தை எடுத்தேன். ஓரமெல்லாம் மஞ்சள் தடவிய பழைய நோட்டு. லக்னம் என்பது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி. அதற்கு ஏழாவது, மேற்கே மறையும் ராசி. அப்படியானால் "செவ்வாய் ஏழில்" என்று எழுதியிருப்பதற்கு அர்த்தம், நான் பிறந்தபோது செவ்வாய் மேற்கு அடிவானத்தை ஒட்டி இருந்தது என்பது மட்டும்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது எழுபத்தாறு. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நீ பொறந்த ரூம்ல ஜன்னல் மேற்குப் பக்கம்தான் இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் முட்டி வலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி மாடிக்கு வந்தாள். காட்டினேன். கை கூப்புவாள் என்று நினைத்தேன். புருவத்துக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவனா?"

பிறகு திரும்பி, "மேகம் மூடுது பாரு, கொடியில இருக்கற துணியை எடு" என்றாள்.